குலதெய்வக் கோயிலுக்கு அறநிலையத் துறை நோட்டீஸ்: 'பரம்பரை அறங்காவலர்' உத்தரவு வாங்கலாமா?

கேள்வி: எங்கள் பாட்டனார் தம் பட்டா நிலத்தில் கட்டிய அய்யனார் கோயிலை நான்கு பங்காளிக் குடும்பங்கள் பராமரித்து, ஆண்டுதோறும் மாசிக் களரித் திருவிழா நடத்தி வருகிறோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எவர்சில்வர் உண்டியல் வாங்கி வைத்தார். அண்மையில் அறநிலையத் துறை ஆய்வாளர் வந்து அந்த உண்டியலைப் படம் எடுத்துச் சென்றார். இப்போது, இது பொதுக்கோயில் என்றும், தக்கார் (கோயிலை நிர்வகிக்கத் துறை அமர்த்துபவர்) ஏன் நியமிக்கக் கூடாது என்பதற்கு 15 நாளில் விளக்கம் தர வேண்டும் என்றும் உதவி ஆணையர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்துள்ளது. 2 லட்சம் கொடுத்தால் என் பெயரில் 'பரம்பரை அறங்காவலர்' உத்தரவு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? (சிவகங்கை மாவட்ட வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். லஞ்சம் குற்றம் என்பது உங்களுக்கே தெரியும், அதை விளக்க இந்தப் பதில் தேவையில்லை. அந்த உத்தரவை அவர் நேர்மையாகவே வாங்கித் தந்தாலும் அது உங்கள் வழக்கைக் கெடுத்துவிடும் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 63-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு கோயில் இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட சமய நிறுவனமா, இல்லையா என்பது அதன் முதல் உட்பிரிவில், அதாவது 63(அ)-வில், வரும் கேள்வி. ஒருவர் பரம்பரை அறங்காவலரா என்பது இரண்டாவது உட்பிரிவில் வரும் கேள்வி. இரண்டையும் விசாரிப்பவர் ஒருவரே என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று மக்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பரம்பரை அறங்காவலர் என்பவர் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு பொதுக்கோயிலின் அறங்காவலர்; அந்தப் பதவி அவருக்கு வாரிசு வழியாகவோ வழக்கத்தின்படியோ வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே, "நான் பரம்பரை அறங்காவலர்" என்று விண்ணப்பத்தில் கையெழுத்திடும் அந்த நிமிடமே, "இது எங்கள் குடும்பக் கோயில் அன்று, பொதுக்கோயில்தான்" என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. துறை பல ஆண்டுகள் வாதாடிச் சாதிக்க வேண்டியதை 2 லட்சமும் கொடுத்து நீங்களே சாதித்துத் தருவதற்குப் பெயர் பாதுகாப்பா? அதன்பின் வரவு செலவுக் கணக்கு, தணிக்கை, துறைக்கு ஆண்டுப் பங்குத்தொகை, நிலத்தை விற்கவோ ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி என்று எல்லாம் பின்னாலேயே வரும். கணக்குக் கொடுக்கத் தவறினால் அந்தப் பரம்பரை அறங்காவலரையே துறை தற்காலிகமாக நீக்கவும் முடியும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உத்தரவு உங்கள் பெயரில் வந்தால் மற்ற மூன்று பங்காளிகளின் நிலை என்ன? நேற்றுவரை சமமாக நின்றவர்கள் இன்று வெறும் வழிபடுவோர் ஆகிவிடுவார்கள். என்னிடம் வரும் அறநிலைய வழக்குகளில் கணிசமானவை துறைக்கும் குடும்பத்துக்கும் இடையே நடப்பவை அல்ல. இப்படி ஒரு உத்தரவுக்குப் பின் அண்ணன் தம்பிகளுக்குள் முளைத்தவை. இடைத்தரகர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அடுத்த ஆண்டு உங்கள் தம்பியும் அவர்களிடம்தான் போவார்.

சரி, உங்கள் கோயில் தனியார் கோயில் என்பதை எப்படி நிறுவுவது? 1956-இல் உச்ச நீதிமன்றம் தேவகி நந்தன் வழக்கில் வகுத்த அளவுகோல் எளிமையானது: கோயிலின் பயன் குறிப்பிட்ட சிலருக்கா, பொதுமக்களுக்கா? வெளியார் வந்து கும்பிட்டுப் போவது மட்டும் கோயிலைப் பொதுவாக்கிவிடாது. உங்கள் கிணற்றில் பக்கத்து வயல்காரர் தண்ணீர் குடிப்பதால் கிணறு ஊர்க்கிணறு ஆகிவிடுவதில்லை. நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அவர் நின்றுகொள்ள வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை அது உங்களுடையதுதான். கோயிலிலும் அப்படியே, வருகிறவர் உரிமையோடு வருகிறாரா, உங்கள் இசைவோடு வருகிறாரா என்பதே கேள்வி. ஆனால் காற்று உங்களுக்கு எதிராகத்தான் அடிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மலபார் நீங்கலாக, சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் கோயில் என்றாலே பொதுக்கோயில் என்று ஊகிக்க வேண்டும் என அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1934-இல் சொன்னது இன்றும் துறையின் வாதங்களில் முதல் பத்தியாக வருகிறது. அந்த ஊகத்தை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது.

உடைப்பது காகிதத்தால்தான் முடியும். தாலுகா அலுவலகத்தில், நில உரிமையாளர் பெயர் உள்ள 'அ' பதிவேட்டின் நகலை முதலில் வாங்குங்கள். பாட்டனார் பெயர் இருந்தால் நல்லது. 1980-களின் யு.டி.ஆர். எனப்படும் நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் பல குடும்பக் கோயில்களின் நிலம், வீட்டுக்காரரைக் கேட்காமலேயே, "அருள்மிகு அய்யனார் கோயில், ஹக்தார் இன்னார்" என்று (ஹக்தார் என்றால் பொறுப்பாளர்) எழுதப்பட்டிருக்கிறது; அப்படி இருந்தால் அதற்கு முந்தைய பதிவுகளையும் பாட்டனாரின் கிரயப் பத்திரத்தையும் தேடியெடுக்க வேண்டும். களரிக்கு யாரிடம் வரி வாங்கினீர்கள் என்ற நோட்டுப் புத்தகம் மிக முக்கியம். பங்காளிகள் நால்வரின் பெயர் மட்டும் இருந்தால் அது உங்கள் பக்கச் சாட்சி. ஊர்த் தலைக்கட்டு வரி என்று இருந்தால் எதிர்ப்பக்கச் சாட்சி. ஒரு வழக்கில் எங்கள் தரப்பு எல்லாவற்றையும் சரியாக அடுக்கி வைத்திருந்தபோது, துறையின் வழக்கறிஞர் மஞ்சள் நிறக் குடமுழுக்கு அழைப்பிதழ் ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் அடியில், அச்சகத்துக்காரர் வழக்கமாகச் சேர்க்கும் வரி: "இவண், விழாக் கமிட்டியார் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்". குடும்பத்தில் ஒருவரும் அந்த வரியைச் சொல்லி எழுதவில்லை, அச்சடித்து வந்தபோது படித்துப் பார்க்கவும் இல்லை. வழக்கு அந்த ஒரு வரியின்மேல் திரும்பிவிட்டது.

அதேபோல், யாரோ சொன்னார்கள் என்று பதிவு அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யாதீர்கள். "பொதுமக்கள் வழிபாட்டுக்காக" என்ற இரண்டு சொற்கள் அந்த மாதிரிப் பத்திரங்கள் எல்லாவற்றிலும் இருக்கும். அதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் துறைக்குத் தேவையில்லை. வருமானம் குறைந்த கோயில்களுக்குத் துறை நிதி தரும் ஒரு கால பூஜைத் திட்டத்தில் உதவி கேட்டு மனுக் கொடுப்பதும் அந்த வகையே. உண்டியலைப் பொறுத்தவரை, நோட்டீஸ் வந்த இரவே அதைத் தூக்கி வீட்டுக் கொல்லையில் ஒளிக்க வேண்டாம். படம் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. எடுத்தது யார், ஏன் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். எப்போது, யார் வைத்தது, அதில் விழுந்த பணம் எதற்குச் செலவானது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சிதம்பரம் நடராசர் கோயில் தீர்ப்பைக் காட்டி "எங்களையும் அப்படி விட்டுவிட வேண்டும்" என்று கேட்கலாமா என்று பலர் எழுதுகிறார்கள். நீங்களும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அக்கோயிலை நடத்தும் பொது தீட்சிதர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அவர்கள் தனிச் சமயப் பிரிவினர் என்று 1951-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதை மறுபடி கிளற முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் அடித்தளம். அரசமைப்பின் 26-ஆவது உறுப்பு காக்கும் சமயப் பிரிவு என்றால் பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனித்த பெயர் மூன்றும் வேண்டும். சாதி அதில் சேராது. நான்கு பங்காளி வீடுகளும் சேராது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுவதும் தனி நம்பிக்கை ஆகாது, ஏனென்றால் அய்யனாரைக் கும்பிடுவோர் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். எனவே உங்கள் பதிலில் சிதம்பரத்தை இழுக்காதீர்கள். "தனியார் கோயில்" என்ற நேர்வாதத்தை அது நீர்க்கச் செய்யும். அந்தத் தீர்ப்பில் உங்களுக்குப் பயன்படக்கூடியது, துறை நிர்வாகத்தைக் கையில் எடுத்தாலும் சீர்கேட்டைச் சரிசெய்யும்வரைதான், அதன்பின் திருப்பித் தர வேண்டும் என்ற பகுதி. அதற்கான நிலை இன்னும் வரவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: 15 நாளுக்குள், "இது தனியார் கோயில், சட்டத்தின் வரையறைக்குள் வராது, 63(அ)-வின் கீழ் முடிவாகும்வரை தக்கார் நியமிக்கக் கூடாது" என்று உதவி ஆணையருக்கு நான்கு குடும்பத்தாரும் கையெழுத்திட்டுப் பதில் கொடுத்துவிட்டு, இணை ஆணையரிடம் 63(அ) மனுவைத் தாக்கல் செய்யுங்கள். உரிமையியல் நீதிமன்றத்துக்கு நேரே போனால் இத்தகைய வழக்குகளைத் தடுக்கும் 108-ஆவது பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். அப்படியே மாற்று வேண்டுகோளாகப் பரம்பரை அறங்காவலர் உரிமையையும் சேர்த்துக் கேட்கும் வழக்கறிஞர்கள் உண்டு. ஆவணம் பலவீனமாக இருந்தால் தவிர வேண்டாம் என்பது என் கருத்து.

இதில் ஒரு கேலிக்கூத்து இருக்கிறது. கோயில் துறைக்கு உட்பட்டதா என்று முடிவு செய்பவர் துறையின் அதிகாரி. அவர் முடிவு பிடிக்காவிட்டால் 60 நாளில் மேல்முறையீடு செய்ய வேண்டியது அதே துறையின் ஆணையரிடம். அதற்குப் பிறகுதான், 70-ஆவது பிரிவின்படி 90 நாளில், நீதிமன்றத்தின் முகத்தைப் பார்க்க முடியும். கோப்பு நகராமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், விசாரிக்கும் அதிகாரி பாதியில் மாற்றலாகிப் போவார், புதியவர் முதலிலிருந்து வாய்தா கொடுப்பார். ஆனால் அந்த 60, 90 நாள் கெடு உங்களுக்கு மட்டும் கறாராக இருக்கும். அதனால் உத்தரவு எதுவாயினும் சான்றிட்ட நகலை உடனே கேளுங்கள். இப்போது வந்த நோட்டீஸின் உறையையும் தூக்கி எறிய வேண்டாம்; அது உங்கள் கைக்கு வந்த தேதியைக் காட்ட அஞ்சல் முத்திரையைத் தவிர வேறு சாட்சி இருக்காது.