"எனக்கு ஒண்ணுமில்ல" என்கிற தம்பி

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. ஏழெட்டு மாதமாக அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. வேலையையும் விட்டுவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர் வழியாகத் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லி, ஜன்னலைப் போர்வையால் மூடிவைத்திருக்கிறான். இரவில் தூங்குவதில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் பைத்தியம்" என்று கத்துகிறான். மாத்திரையை எப்படியாவது வாங்கிச் சாப்பாட்டில் கலந்துவிடலாம் என்கிறார் அம்மா. செய்யலாமா?

பதில்: வேண்டாம். அம்மாவின் தவிப்பு புரிகிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் இதைக் கேட்ட அம்மாக்கள் நிறையப் பேர். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். யாரோ தனக்குக் கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்று ஏற்கெனவே பயந்துபோயிருப்பவர், சாப்பாட்டில் மருந்து கலந்திருப்பதை ஒருநாள் கண்டுபிடித்தால் அவருடைய சந்தேகம் அன்றைக்கு நிஜமாகிவிடும். அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். தட்டில் பாதியை வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று தெரியாது. இந்த வகை மருந்துகளில் சிலவற்றால் கழுத்து இழுத்துக்கொள்ளலாம், உடம்பு விறைக்கலாம். ஏன் இப்படி ஆகிறது என்றே தெரியாமல் அவர் மிரண்டுபோவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரை இதுவரை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை. என்ன நோய் என்று தெரியாமல் எதற்கு மருந்து?

அவர் பிடிவாதம் பிடிப்பதாக நினைக்காதீர்கள். 1914-இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர், இடது கை, கால் செயலிழந்தும் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று உறுதியாகச் சொன்ன நோயாளிகளைப் பற்றி எழுதினார். மூளையில் பாதிப்பு ஏற்படும்போது, அந்தப் பாதிப்பை உணரும் திறனும் கூடவே போய்விடலாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மனச்சிதைவு போன்ற நோய்களில் வருபவை. அவற்றிலும் "எனக்கு நோய் இல்லை" என்பது பெரும்பாலும் நோயின் ஒரு பகுதிதான். அவருக்கு அந்தக் குரல்கள் நிஜமாகவே கேட்கின்றன. நீங்கள் வாதாடி ஜெயிக்க முடியாது, ஜெயித்தாலும் பயனில்லை.

ஆகவே "உனக்கு நோய் இருக்கு, ஒத்துக்கொள்" என்ற முயற்சியை இன்றோடு விட்டுவிடுங்கள். குரல்களைப் பற்றிப் பேசினால் ஆமாம் போடவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "எனக்கு அது கேக்கல. ஆனா உனக்குக் கேக்குதுன்னா எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது" என்று சொன்னால் போதும். தூக்கமின்மை அவருக்கே தொந்தரவாக இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "தூக்கத்துக்காக மட்டும் ஒரு டாக்டரைப் பார்க்கலாமா?" என்று கேட்பதில் பொய் ஏதுமில்லை. மனநல மருத்துவர்தான் என்றில்லை, அவருக்குப் பழக்கமான பொது மருத்துவரிடமே தொடங்கலாம். தைராய்டு கோளாறு, கஞ்சா, ஸ்டீராய்டு மருந்துகள் என்று வேறு காரணங்கள் உண்டா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கும் வரவில்லை என்றால், சிகிச்சைதான் அவரைத் தேடி வர வேண்டும். 1970-களில் அமெரிக்காவின் மேடிசன் நகரில் ஸ்டைன், டெஸ்ட் என்ற இருவர் மருத்துவமனைக் குழுவையே நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அந்த முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. செவிலியரோ சமூகப் பணியாளரோ வீட்டுக்கு வருவார். முதல் சில தடவை மருந்து என்ற பேச்சே எடுக்க மாட்டார். கதவுக்கு வெளியே நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவதும் உண்டு. வெட்டி வேலை போலத் தெரியும். ஆனால் ஐந்தாவது தடவையோ பத்தாவது தடவையோ கதவு திறக்கலாம். அதன்பின் அவர் சம்மதித்தால் மாத்திரை. தினமும் மாத்திரை போடுவது ஒத்துவராவிட்டால் பிற்பாடு மாதம் ஒருமுறை போடும் ஊசிகூட இருக்கிறது. மருந்து முழுதாக வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். பத்து நாளில் "ஒண்ணும் மாறலையே" என்று அவர் காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது.

இந்தப் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. சாகப்போவதாகச் சொன்னாலோ, சாப்பாட்டையும் தண்ணீரையும் அடியோடு நிறுத்தினாலோ, யாரையாவது தாக்கும்படி குரல்கள் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ, கையில் ஆயுதம் எடுத்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். சம்மதமில்லாமல் சிகிச்சை தருவதற்கான சட்ட வழி நாட்டுக்கு நாடு மாறும். அதை மருத்துவர் சொல்வார். சொந்தக்காரர்களைத் திரட்டிக் கைகாலைக் கட்டித் தூக்கிப்போவது மட்டும் கூடவே கூடாது. குணமான பிறகும் அந்த நாளை மறக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வாரம் உங்களால் முடிந்த ஒரு காரியம் இருக்கிறது. தம்பி இல்லாமல் நீங்களே ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள். நோயாளி சொன்னதை மருத்துவர் உங்களிடம் சொல்லத்தான் தடை. நீங்கள் சொல்வதைக் கேட்க ஒரு தடையும் இல்லை. எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குத் தூங்குகிறார், கடைசியாக எப்போது குளித்தார், என்னென்ன சொன்னார் என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அங்கே வீட்டுக்கு வரும் குழு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ!