சீல் மாற்றியும் ஆயில் கசிகிறதா? பொக்லைன், டிப்பர் சிலிண்டர் கேள்வி பதில்

அண்ணா, பொக்லைன் பக்கெட் சிலிண்டருக்கு சீல் கிட் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. திரும்பவும் ராட் பக்கம் கசிவு. சீல் மட்டமா?

சீலைக் குறை சொல்வதற்கு முன் ராடை, அதாவது சிலிண்டரிலிருந்து வெளியே வந்து உள்ளே போகும் தண்டைப் பாருங்கள். பக்கெட்டை உள்ளே மடக்கினால் ராட் முழுசாக வெளியே வரும். அப்படியே தரையில் ஊன்றி, இன்ஜினை அணைத்து, துணியால் துடைத்துவிட்டு நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். எங்கே நகம் மாட்டுகிறதோ அங்கேதான் சீலும் கிழிகிறது. குரோம் உரிந்தோ துருப்பிடித்துக் குழிந்தோ இருந்தால் திரும்பக் குரோம் ஏற்றியே ஆக வேண்டும். எத்தனை சீல் போட்டாலும் நிற்காது.

அப்புறம், கழற்றிய சீலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காரணம் அதிலேயே தெரியும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கும், அல்லது சிலிண்டரை மாட்டியிருக்கும் பின்னும் (மூட்டு ஆணி) அதன் புஷ்ஷும் (உறை) ஆட்டம் கண்டிருக்கும். சுற்றிலும் கீறல் இருந்தால் ஆயிலில் அழுக்கு. ரப்பர் இறுகி வெடித்திருந்தால் சூடு. பட்டறைக்காரர் புதுசை மாட்டும் முன் பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

டிப்பர் பாடியைத் தூக்கி நிறுத்தினால் தானாக மெல்ல இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை.

டிப்பரில் பெரும்பாலும் ஒருவழி சிலிண்டர்தான். ஆயில் தூக்கும், இறக்குவது பாடியின் எடை. வெளியே கசியவில்லை என்றால் ஆயில் வால்வு வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. முதலில் வால்வைப் பாருங்கள், சிலிண்டரைக் கழற்ற அவசரம் வேண்டாம். பொக்லைன் பூம் (பெரிய கை) இப்படி இறங்கினால் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சீலையும் சந்தேகப்படலாம்.

எதுவானாலும், பாடியில் லோடு இல்லாமல், முட்டும் கொடுத்த பிறகுதான் அடியில் தலையை நீட்ட வேண்டும் தம்பி.

ஹோஸில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. ஊசித்துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையைக் காட்டிப் பாருங்கள். கையில் பாய்ந்துவிட்டால், வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். தாமதித்து விரலை இழந்தவர்கள் உண்டு.

ராடுக்கு தினமும் கிரீஸ் தடவலாமா?

வேண்டாம், மண் ஒட்டும். கிரீஸ் பின்னுக்குத்தான்.

மழைக்காலத்தில் வண்டி சும்மா நிற்கும். என்ன செய்வது?

முடிந்தவரை ராட்களை உள்ளே இழுத்து நிறுத்துங்கள். வெளியே நீட்டி நிற்பவற்றுக்கு மட்டும் கிரீஸ் பூசி, ஓட்டும் முன் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.