பெட்டிக்கு உள்ளே இடைவெளி, பெட்டிக்கு வெளியே இடைவெளி

கேள்வி: என் இணையப் பக்கத்தில் ஒரு பகுதிக்கு 300 பிக்சல் அகலம் கொடுத்தேன். அளந்து பார்த்தால் 342 பிக்சல் இருக்கிறது. மீதி 42 எங்கிருந்து வந்தது?

பதில்: நீங்கள் குறித்த 300 பிக்சல் உள்ளடக்கத்துக்கு மட்டுமே உரியது. இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ் ஒவ்வொரு உறுப்பையும் ஒரு பெட்டியாகவே கணக்கிடுகிறது: நடுவில் உள்ளடக்கம், அதைச் சுற்றிப் பேடிங் என்ற உள் இடைவெளி, அடுத்து பார்டர் என்ற விளிம்புக் கோடு, அதற்கும் வெளியே மார்ஜின் என்ற வெளி இடைவெளி. இருபுறமும் 20 பிக்சல் பேடிங்கும் 1 பிக்சல் பார்டரும் வைத்திருப்பீர்கள். 300, 40, 2 மூன்றையும் கூட்டினால் உங்கள் 342 கிடைத்துவிடும். 1996-ல் வெளியான முதல் சிஎஸ்எஸ் பரிந்துரையிலேயே அகலம் இப்படித்தான் வரையறுக்கப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 பேடிங்கையும் பார்டரையும் அகலத்துக்குள் அடக்கிக் கணக்கிட்டதால், ஒரே பக்கம் இரு உலாவிகளில் இரு அளவில் தெரிந்த காலமும் இருந்தது. பிற்பாடு வந்த பாக்ஸ்-சைஸிங் பண்பு, எந்தக் கணக்கு வேண்டும் என்பதை நம்மிடமே விட்டுவிட்டது. அதற்கு பார்டர்-பாக்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்தால் 300 என்பது பார்டர் வரைக்குமான 300 ஆகிவிடும். பக்கத்திலுள்ள எல்லா உறுப்புகளுக்கும் தொடக்கத்திலேயே இதை எழுதிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அப்போதும் மார்ஜின் அந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: பத்தியின் கீழ் மார்ஜின் 30, அடுத்த தலைப்பின் மேல் மார்ஜின் 20. ஆனால் இடையில் 50-க்குப் பதிலாக 30 பிக்சல்தான் வருகிறது. இது உலாவியின் பிழையா?

பதில்: பிழையன்று, விதி. மேலும் கீழுமாக அடுத்தடுத்து வரும் இரு பெட்டிகளின் மார்ஜின்கள் ஒன்றோடொன்று கலந்து, பெரியது மட்டும் நிலைக்கும். பல பத்திகளை வரிசையாக அடுக்கும்போது நடுவில் மட்டும் இடைவெளி இரட்டிப்பாகிவிடாமல் காப்பது இந்த விதியே. இடவல மார்ஜின்கள் ஒருபோதும் கலப்பதில்லை. உறுப்புகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ், கட்டங்களாக அடுக்கும் கிரிட் ஆகிய கொள்கலன்களின் நேரடி உறுப்புகளுக்கு இடையிலும் இது நிகழாது.

பலரைத் திணறடிப்பது இதன் இன்னொரு முகம். வண்ணப் பின்னணி கொண்ட ஒரு பகுதியின் முதல் உறுப்பாக ஒரு தலைப்பை வைத்து, அதற்கு 40 பிக்சல் மேல் மார்ஜின் கொடுத்துப் பாருங்கள். தலைப்பு வண்ணத்தின் மேல் விளிம்பை ஒட்டியே நிற்க, அந்த 40 பிக்சல் தலைப்பைச் சூழ்ந்த தாய்ப் பெட்டிக்கு வெளியே போய் முழுப் பகுதியையும் கீழே தள்ளும். தாய்க்கும் முதல் குழந்தைக்கும் நடுவே பேடிங்கோ பார்டரோ இல்லாததால் இருவரின் மார்ஜினும் கலந்துவிடுவதே காரணம். தாய்ப் பெட்டிக்கு டிஸ்ப்ளே பண்பில் ஃப்ளோ-ரூட் என்ற மதிப்பைக் கொடுத்தால் மார்ஜின் உள்ளேயே தங்கும். ஆனால் உங்களுக்கு வேண்டியது பெட்டியின் உட்புற வெற்றிடம் என்றால், அதைத் தாயின் பேடிங்காகவே எழுதுவதுதான் நேரான வழி.

கேள்வி: மூன்று அட்டைகளை 33.33 சதவீத அகலத்தில் வரிசையாக வைத்தேன். நடுவில் 20 பிக்சல் இடைவெளி விட்டதும் மூன்றாவது அட்டை கீழ் வரிக்குப் போய்விட்டது. ஏன்?

பதில்: மூன்று அட்டைகளே முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டதால் இடைவெளிகளுக்கான 40 பிக்சலுக்கு இடமில்லை. கிரிட்டில் மூன்று நெடுவரிசைகளையும், மீதி இடத்தைப் பங்கிடும் எஃப்ஆர் அலகில் குறித்து, இடைவெளியை கேப் பண்பால் கொடுங்கள். உலாவி முதலில் இடைவெளிகளைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கிடும். உறுப்புகளுக்கு இடையிலான வெளியை ஒவ்வோர் உறுப்பின் மார்ஜினிலும் சுமத்தாமல் கொள்கலனின் பொறுப்பில் விடுவதால், கடைசி அட்டையின் மிகை மார்ஜினைத் தனியாக நீக்கும் வேலையும் இல்லாமல் போகிறது.

கேள்வி: படத்துக்குக் கீழே சில பிக்சல் வெற்றிடம் தெரிகிறது. மார்ஜினும் பேடிங்கும் பூஜ்யம்தான்.

பதில்: படம் இயல்பாக ஓர் எழுத்தைப் போல வரியின் அடிக்கோட்டில் அமர்கிறது. அக்கோட்டுக்குக் கீழே இறங்கும் எழுத்துகளுக்கான இடமே அந்த வெற்றிடம். டிஸ்ப்ளே மதிப்பை பிளாக் ஆக்கினால் மறையும்.

கேள்வி: ஃப்ளெக்ஸ் வரிசையில் நீளமான இணைய முகவரி ஒன்று வந்ததும் அது இருக்கும் உறுப்பு சுருங்க மறுத்துப் பக்கத்தையே அகலப்படுத்துகிறது. என்ன செய்வது?

பதில்: ஃப்ளெக்ஸ் உறுப்பின் மின்-விட்த், அதாவது குறைந்தபட்ச அகலம், இயல்பாகவே ஆட்டோ என்பதால், உடைக்க முடியாத மிக நீளமான சொல்லின் அகலத்துக்குக் கீழே அது தானாகச் சுருங்காது. அந்த உறுப்புக்கு மின்-விட்த் 0 என்றும், உள்ளிருக்கும் உரைக்கு ஓவர்ஃப்ளோ-ராப் பண்பில் எனிவேர் என்றும் கொடுங்கள். முதலாவது, பெட்டியைச் சுருங்க அனுமதிக்கும். இரண்டாவது, சுருங்கிய பெட்டிக்குள் முகவரியை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும்.