முறுக்கிய கிராஃபீனில் கோணம் ஏன் நழுவுகிறது?

கேள்வி: இரண்டு கிராஃபீன் (ஓரணுத் தடிமன் கரித் தாள்) அடுக்குகளை 1.1 டிகிரி திருப்பி அடுக்கினேன். மின்தடை உச்சம் ஒவ்வொரு மின்முனை ஜோடியிலும் ஒவ்வொரு கேட் (எலக்ட்ரான் அடர்த்தியை மாற்றும் மின்முனை) மின்னழுத்தத்தில் வருகிறது. காந்தப்புலம் இல்லாமல் வரவேண்டிய குவாண்டம் ஹால் விளைவை, அதாவது குறுக்குவாட்டு (ஹால்) மின்தடை ஒரு நிலையான மதிப்பில் நிற்பதைக் காணோம். என்ன தவறு?

பதில்: நீங்கள் திருப்பிய கோணம் அப்படியே தங்கவில்லை, இடத்துக்கு இடம் மாறியும் இருக்கிறது. முதலில் அதை அளந்துவிடுங்கள். மோரே அறை (இரு அடுக்கும் மேற்பொருந்தி உண்டாகும் பெரிய கோலத்தின் ஓர் அலகு) ஒன்றில் நான்கு எலக்ட்ரான் நிரம்பும் அடர்த்தி கோணத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 1.1 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு 2.8×10¹², 0.9 டிகிரியில் 1.9×10¹². கேட்டுக்கும் கிராஃபீனுக்கும் நடுவில் 30 நானோமீட்டர் போரான் நைட்ரைடு (மின்கடத்தாப் படிகம்) இருந்தால், கூடுதல் எலக்ட்ரான் இல்லாத நடுநிலைப் புள்ளியிலிருந்து முழு நிரம்பல் வரை முன்னதற்கு சுமார் 5 வோல்ட், பின்னதற்கு 3.4 வோல்ட். ஒவ்வொரு ஜோடிக்கும் இதைக் கணக்கிட்டுக் கோணம் ஒத்துவரும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நழுவலுக்குக் காரணம், சின்னக் கோணத்தில் அடுக்குகள் சுழன்று இயல்பான அடுக்கமைப்புக்குத் திரும்ப விரும்புவதுதான். சூடு அதற்குத் துணைபோகும். ஆகவே ஒரே கிராஃபீன் துண்டை முதலில் நுண்முனையாலோ லேசராலோ இரண்டாக வெட்டி, அவற்றையே இரு அடுக்காக வையுங்கள். கிழித்தால் இழுவிசை உள்ளேயே தங்கும். கோணம் குறையும் என்பதால் 1.1க்குப் பதில் 1.2 முதல் 1.3 டிகிரி வரை திருப்புங்கள். ஒட்டும் விளிம்பை மிக மெதுவாக நகர்த்துங்கள். அடுக்குகளுக்கிடையே சிக்கும் குமிழியை அழுத்தி வெளியேற்றப் பார்க்காதீர்கள், அது வலையமைப்பை இழுத்துவிடும். குமிழி இல்லாத இடத்தில் சாதனத்தை வெட்டிக்கொள்ளலாம். அடியில் வரும் போரான் நைட்ரைடையும் கிராஃபைட் கேட்டையும் முன்பே சூடேற்றிச் சுத்தம் செய்யுங்கள். அடுக்கி முடித்தபின் சூடேற்றக் கூடாது.

கோணம் சரியாக இருந்தாலும் போதாது. 2019இல் காந்தத்தன்மையும் 2020இல் முழுமையாகக் குவாண்டமான ஹால் மின்தடையும் தெரிந்த மாதிரிகளில், கிராஃபீன் அருகிலிருந்த போரான் நைட்ரைடோடு ஏறக்குறைய ஒரே திசையில் இருந்தது. அந்தப் பொருத்தம்தான் டிராக் புள்ளிகளில் (எலக்ட்ரான் ஆற்றல் பட்டைகள் தொடும் இடங்களில்) இடைவெளியைத் திறந்து பட்டைகளுக்குச் செர்ன் எண்ணை (ஹால் மின்தடையின் மதிப்பைத் தீர்மானிக்கும் முழு எண்) தருகிறது. இரண்டின் நேர் விளிம்புகளையும் இணையாக வையுங்கள். விளிம்பு இருவகைப்படும் என்பதால் பாதி முயற்சி 30 டிகிரி தள்ளிப் போகும், மனம் தளராதீர்கள்.

தேட வேண்டிய இடம், அறைக்கு மூன்று எலக்ட்ரான். அங்கே ஹால் மின்தடை 25,813 ஓமில் நின்று, நீள்வாட்டு மின்தடை பூஜ்யத்தை நோக்கி இறங்கவேண்டும். காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது ஹால் மின்தடை வெவ்வேறு பாதையில் போகும் வளையம் மட்டும் தெரிந்தால் அது காந்தத்தன்மையைத்தான் காட்டும். காந்தப்புலத்தை ஒரு டெஸ்லா கூட்டிப் பாருங்கள்: செர்ன் எண் 1 என்றால் அந்த நிலையின் அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 2.4×10¹⁰ நகரும். உங்கள் கேட்டில் அது 0.04 வோல்ட்தான், அதனால் கேட்டை 0.005 வோல்ட் படிகளில் நகர்த்துங்கள்.