மறுக்கத் தெரிந்த நடிகன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சில வருடங்களாக நடிப்பு வாய்ப்பு தேடிக்கொண்டிருக்கிறேன். வயது 27. ஒரு நாடகக் குழுவில் இருக்கிறேன், சில குறும்படங்களில் நடித்திருக்கிறேன். ஆடிஷனுக்காக லீவு கேட்டுக் கேட்டு மேலாளரிடம் பேச்சு வாங்கி அலுத்துப்போய் அலுவலக வேலையை விட்டுவிட்டேன். இப்போது கையிருப்பு கரைகிறது. நேரம் என் கையில் இருக்கும்படியான வேலை எது? உணவு டெலிவரி, கார் ஓட்டுவது, இரவு கால் சென்டர், ஆன்லைன் டியூஷன், கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர் வேலை, டப்பிங் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். டெலிவரி சட்டையில் தெரிந்த இயக்குநர் யாராவது பார்த்துவிட்டால் மரியாதை போய்விடுமோ என்ற தயக்கமும் இருக்கிறது. நடிப்பைத் தவிர வேறு எதற்கும் மனதைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

பட்டியலுக்கு மட்டும் பதில் என்றால் தனியாக நாலு வரி எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் நல்ல நடிகர்கள் ஏன் மோசமான வேடங்களில் போய் மாட்டிக்கொள்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடைசி வரி நேராக அங்கேதான் வந்து நிற்கிறது.

முதலில் அந்த மரியாதை விஷயம். ஜெஃப்ரி ஓவன்ஸ் என்று ஒரு அமெரிக்க நடிகர். 1980களில் பெரும்புகழ் பெற்ற ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர். 2018இல் அவர் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்ததை யாரோ படமெடுத்தார்கள், ‘இவருக்கா இந்த நிலைமை’ என்ற தொனியில் செய்தி வந்தது. சக நடிகர்கள் பலர் தாங்கள் பார்த்த வேலைகளைச் சொல்லி அவர் பக்கம் நின்றார்கள். அவரோ யாருடைய பரிதாபமும் தேவையில்லை என்றார். நடிப்புத் துறையிலேயே இருந்துகொண்டு பிழைக்க வேண்டும், அதற்கு நேரம் வளைந்துகொடுக்கிற வேலை வேண்டும், அதனால் சேர்ந்தேன் என்று விளக்கினார். அவ்வளவுதான்.

டெலிவரி சட்டையைப் பார்த்து உங்களை மட்டமாக நினைக்கிற இயக்குநர், கோட்டு போட்டுப் போனாலும் வேடம் தரப்போவதில்லை. அதைவிட, அந்தச் சட்டையில் மரியாதைக்குறைவு இருப்பதாக நீங்களே நினைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நாளைக்கு டெலிவரி ஊழியராக நடிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? மேலே நின்று குனிந்து பார்த்துக்கொண்டா நடிப்பீர்கள்? சரி, இதை இதோடு விடுகிறேன்.

பட்டியலை வேகமாகப் பார்த்துவிடலாம். இரவு கால் சென்டர் வேண்டவே வேண்டாம். குரலும் தூக்கமும் சேர்ந்து போய்விடும், நடிகனுக்கு மிஞ்சுவது அப்புறம் என்ன? டெலிவரியும் கார் ஓட்டுவதும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்பார்கள். ஆனால் பணம் வருவது சாப்பாட்டு வேளையிலும் வாரக் கடைசி மாலைகளிலும் மழை நேரத்திலும்தான். உங்கள் ஒத்திகையும் அந்த மாலைகளில்தானே? எப்போது லாக் இன் செய்வது என்பது உங்கள் இஷ்டம், எப்போது காசு வரும் என்பது ஊரின் இஷ்டம். துணை நடிகர் வேலை ஒரு செட் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும். தெரிந்ததும் கிளம்பிவிடுங்கள். டப்பிங் நல்லது, ஆனால் அதுவும் ஒரு தொழில், பழகக் காலம் பிடிக்கும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு பக்க வேலை நடிகனுக்குத் தரவேண்டியது நேரத்தைவிட முக்கியமான ஒன்று: ஒரு வேடத்தை வேண்டாம் என்று சொல்லும் தெம்பு.

ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு தச்சு வேலை செய்த கதை எல்லோருக்கும் தெரியும். இயக்குநர் ஃப்ரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் அலுவலகத்தில் கதவு வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, ஆடிஷனுக்கு வந்தவர்களோடு எதிர்வசனம் படிக்க இன்னொரு இயக்குநரான ஜார்ஜ் லூகாஸ் கூப்பிட்டார், கடைசியில் வேடமே அவருக்குக் கிடைத்தது. 1977இல் அந்தப் படம், ‘ஸ்டார் வார்ஸ்’, வந்தபோது அவருக்கு வயது 34. இதை அதிர்ஷ்டக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதவைவிட அதற்கு முந்தைய வருடங்கள்தான் முக்கியம். ஸ்டூடியோ ஒப்பந்தத்தில் துக்கடா வேடங்களாகவே வந்து கொண்டிருந்தன. அவருக்குப் பிடிக்கவில்லை. மனைவி குழந்தைகள் இருந்த மனிதர், தானாகவே தச்சு கற்றுக்கொண்டார். இசைக்கலைஞர் செர்ஜியோ மென்டஸுக்கு ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தையே கட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் வருகிற வேடத்தையெல்லாம் ஏற்கவேண்டிய கட்டாயம் போயிற்று. கவனியுங்கள், அது ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்த வேலை இல்லை. மனதைக் கொடுத்துக் கற்ற கைத்தொழில். நீங்கள் கொடுக்க விருப்பமில்லை என்கிறீர்களே, அதே மனது.

நான் இளவயதில் சுற்றிக்கொண்டிருந்த நாடகக் குழுவில் ஒருவர் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். தையல் மெஷின் ரிப்பேர்தான் தொழில். ஒத்திகைக்கு டூல்ஸ் பையோடுதான் வருவார், விரலில் எண்ணெய்க் கறை எப்போதும் இருக்கும். தையல் விடுகிறது, நூல் அறுகிறது என்று ஆள் அனுப்புவார்கள். “பாதி மெஷினுக்கு ஒண்ணுமே இல்லடா. ஊசி மழுங்கியிருக்கும், இல்லன்னா திருப்பி மாட்டியிருப்பாங்க” என்பார். ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். இன்றைக்கு வரமுடியாது, நாளைக்கு வருகிறேன் என்று அவர் சொன்னால் காத்திருப்பார்கள்.

அவருக்கு ஒரு தொடரில் வாய்ப்பு வந்தது. வீட்டு வேலைக்காரன் வேடம், ஓயாமல் அடி வாங்கிச் சிரிக்கவைக்க வேண்டும். நல்ல பணம். கூப்பிட வந்தவரிடம் அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்: “கடைசியில அந்த ஆள் என்ன ஆவான்?” கதை இன்னும் எழுதவில்லை என்றார் வந்தவர். “அப்ப எழுதினதும் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கோபம் கிடையாது, கொள்கை விளக்கம் கிடையாது. மறுநாள் எங்கேயோ ஒரு மெஷினைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

அந்த வேடத்தை எங்கள் குழுவிலேயே இன்னொருவர் செய்தார். நடிப்பில் அண்ணனுக்கு ஒரு மாற்றுக் குறையாதவர். வீட்டு வாடகை நிலுவையில் இருந்தது. தொடர் பல வருடம் ஓடியது. அப்புறம் யார் கூப்பிட்டாலும் அடிவாங்கும் வேலைக்காரனாகவே கூப்பிட்டார்கள். அவரை நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன், குழந்தையின் பள்ளிக்கட்டணத்துக்கு முன்னால் எந்தக் கலையும் பெரிதில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் திறமையோ லட்சியமோ இல்லை. ஒருவரிடம் டூல்ஸ் பை இருந்தது.

இது ஆடிஷன் அறைக்குள்ளும் வரும். இந்த வேடம் கிடைக்காவிட்டால் வாடகை இல்லை என்று நிற்கிறவனின் கண் எதிரில் இருக்கும் கதாபாத்திரத்தைப் பார்க்காது, மேஜைக்குப் பின்னால் இருப்பவரின் முகத்தையே பார்க்கும். கேமரா அதை உடனே பிடித்துவிடும். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் இதை மறைக்க முடிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எல்லோரும் தச்சராக வேண்டும் என்று சொல்லவில்லை. இந்தி நடிகர் அம்ரீஷ் பூரி இருபது வருடத்துக்கு மேல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தில் குமாஸ்தா. பகலில் கோப்பு, மாலையில் மேடை. சினிமாவில் அவர் காலூன்றியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மேடைக்கு மாலை போதும், அதனால் நேரம் வளையாத அந்த வேலையே அவரைத் தாங்கியது. இன்றைக்கு சினிமாவிலும் முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே செல்ஃப் டேப், அதாவது நீங்களே நடித்துப் பதிவுசெய்த வீடியோ, எடுத்து அனுப்பினால் போதும் என்கிறார்கள். இரவு பத்து மணிக்குச் சுவரோரம் நின்று எடுக்கலாம். படப்பிடிப்பு நாட்களுக்குத்தான் முழுப்பகல் வேண்டும், அது உங்களுக்கு வருடத்தில் எத்தனை நாள் வந்தது? அந்தச் சில நாட்களுக்காகவா மாதச் சம்பளத்தை விட்டீர்கள்? திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். திட்டத்தான் செய்கிறேன்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு வேலை. மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்காக நோயாளியாக நடிக்க ஆள் எடுக்கிறார்கள். 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்த முறை, இன்று பல நாடுகளில் இருக்கிறது. ஒரே வலியை, ஒரே தயக்கத்தோடு, வரிசையாக வரும் ஒவ்வொரு மாணவருக்கும் மாறாமல் சொல்ல வேண்டும். உங்களுக்கு எட்டும் தூரத்தில் மருத்துவக் கல்லூரி இருந்தால் விசாரியுங்கள்.

அப்புறம், டியூஷன் என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன பாடம் என்று எழுதவில்லை. பட்டியலில் உருப்படியானது அது ஒன்றுதான். பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கோ இயற்பியலோ நன்றாகச் சொல்லித்தரத் தெரியுமென்றால், ஒரு மணி நேரத்துக்கு என்ன கேட்கலாம், தேர்வு மாதங்களில் எப்படிச் சமாளிப்பது என்று பேச எனக்கு விஷயம் இருக்கிறது. எழுதுங்கள்.