பல வருஷமாகச் சாப்பிட்ட இறால் திடீரென்று ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

இதற்குப் பெயர் ஒவ்வாமை: கேடு செய்யாத பொருளை உடலின் எதிர்ப்பு சக்தி எதிரியாக நினைத்துத் தாக்குவது. இறாலில் ட்ரோபோமயோசின் என்ற புரதம் உண்டு. எப்போதோ ஒருமுறை உடல் அதற்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து, தோல், மூச்சுக்குழாய், குடலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் மேல் ஒட்டி வைத்துவிடும். அன்று ஒன்றும் தெரியாது. எலிப்பொறியை இழுத்து மாட்டி வைத்த மாதிரி. அடுத்த முறை இறால் உள்ளே போனதும் பொறி விழும். அந்தச் செல்களிலிருந்து ஹிஸ்டமின் என்ற ரசாயனம் கொட்டும். சில நிமிடங்களில், பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள், அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம் வரும்.

எவ்வளவு வேகவைத்தாலும் பயனில்லை. அந்தப் புரதம் கொதிக்கவைத்தாலும் அழியாது. நண்டிலும் கிட்டத்தட்ட இதே புரதம்தான், ஆகவே டாக்டரிடம் பரிசோதிக்காமல் அதையும் தொடாதீர்கள்.

தடிப்போடு குரல் கம்மினால், மூச்சு இரைத்தால், தலை சுற்றினால் உடனே 108. நடக்க விடாமல் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். உயிர் காப்பது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி, பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம்.

“அவில் மாத்திரை போட்டால் சரியாகிவிடும்” என்று பலர் காத்திருக்கிறார்கள். அவில் அரிப்பைத்தான் குறைக்கும். அடைபடும் தொண்டையைத் திறக்காது, சரியும் ரத்த அழுத்தத்தை ஏற்றாது.