வாசகர் கேட்டவை: துறைமுகச் சேவைகள் தனியாரிடம் போகும்போது

கேள்வி: தனியாருக்குத் திறந்துவிட்டால் போட்டி வந்து துறைமுகக் கட்டணம் குறையும் என்கிறார்களே, சரியா?

பதில்: எந்தச் சேவை என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நாலைந்து கன்டெய்னர் முனையங்கள் உள்ள துறைமுகத்தில் போட்டிக்கு இடமுண்டு. இழுவைக் கப்பலுக்கு அந்தக் கணக்கு உதவாது. கப்பலை இழுக்கும் நேரத்துக்குத்தான் அதற்கு வருமானம். ஆனால் தீப்பிடித்தாலோ, நீர்வழியில் ஒரு கப்பலின் என்ஜின் நின்றாலோ உடனே ஓட, இரவும் பகலும் ஆட்களோடு தயாராக நிற்க வேண்டும். இரண்டு நிறுவனங்கள் விலையைக் குறைத்து மோதினால், முதலில் வெட்டப்படுவது இப்படிக் காத்திருக்கும் கப்பலும் அதன் ஆட்களும்தான். பிறகு ஒரு நிறுவனம் விலகிவிட்டால் மிஞ்சுவது தனியார் ஏகபோகம்.

ஆகவே எத்தனை கப்பல், ஒவ்வொன்றுக்கும் எத்தனை டன் இழுவிசை, அழைத்தால் எத்தனை நிமிடத்தில் வர வேண்டும், தீயணைப்புப் பம்ப் மணிக்கு எவ்வளவு நீர் பீய்ச்ச வேண்டும், தவறினால் அபராதம் என்ன என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்க வேண்டும். ‘போதிய அளவு’ என்று எழுதிவிட்டால் அபராதமே வசூலிக்க முடியாது. துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் சேவையைப் போட்டிக்கு விடவே கூடாது. காற்று பலமாக இருக்கும்போது ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்பவர், அடுத்த வேலைக்கு அதே கப்பல் நிறுவனத்தை நம்பியிருக்கக் கூடாது.

கேள்வி: கப்பல் மாலுமிகளே சரக்கைக் கையாண்டால் செலவு மிச்சம்தானே?

பதில்: ஐரோப்பிய ஆணையம் 2001இல் கொண்டுவந்த வரைவு இதற்கு வழிவிட்டது. துறைமுகத் தொழிலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2003இல் அதை நிராகரித்தது. மறுபடி வந்த வரைவையும் 2006 ஜனவரியில் 532க்கு 120 என்ற வாக்கில் தள்ளியது. 2017இல் நிறைவேறிய விதிமுறை, சரக்குக் கையாளுதலையும் பைலட் சேவையையும் சந்தைத் திறப்பிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

எதிர்ப்பில் நியாயம் இருந்தது. கன்டெய்னர்களைக் கப்பலோடு இறுக்கிக் கட்டும் லாஷிங் வேலையில், ஆளைவிட நீளமான இரும்புக் கம்பியை மேல் அடுக்கில் மாட்டி முறுக்க வேண்டும். பக்கத்திலேயே கிரேன் ஓடும். கம்பி நழுவினால் கீழே நிற்பவர் தலையில் விழும். கப்பல் ஓடும்போது தன் முறைக் காவல் பணியை முடித்த மாலுமிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு என்பது சர்வதேச விதி. அந்த ஓய்வு நேரத்தில்தான் இந்த வேலை அவர் தலையில் விழும்.

கேள்வி: பழைய தொழிலாளர்களின் பணிமூப்பும் ஓய்வூதியமும் என்னவாகும்?

பதில்: டெண்டர் அறிவிப்பிலேயே அவை இடம்பெற வேண்டும். அப்போதுதான் ஏலம் கேட்பவர் அந்தச் செலவையும் சேர்த்து விலை சொல்வார். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால், ‘இது எங்கள் கணக்கில் இல்லை’ என்பார். அரசும் புதிதாகப் பணம் ஒதுக்காது.